மனம் இருக்கிறது, மார்க்கம் எங்கே?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு வகைச் செய்தி தவறாது இடம்பெறுவதை வாசகர்கள் அவதானித்திருப்பர். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையொன்று லயன் அறையிலிருந்து படித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றுவிட்டது என்பதே அச்செய்தி. தாயும் தந்தையும் இரு மருங்கிலும் நிற்க, நடுவில் அப்பிள்ளை நிற்கும் புகைப்படமும் 'வறுமையை வென்ற சாதனை' என்ற தலைப்பும் அதனுடன் இருக்கும். இத்தகைய செய்திகளை இக்கட்டுரையாளரும் பல தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் அப்புகைப்படத்தில் நின்ற பிள்ளை மூன்றாண்டுகளின் பின்னர் என்ன ஆனது என்று ஒரு தடவையேனும் விசாரித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வென்றவரைப் பாராட்டுவது தவறல்ல. ஆயினும் அப்பாராட்டின் பின்னால் ஒரு வாதம் மறைந்து நிற்கிறது. ஒரு பிள்ளையால் முடிந்ததென்றால் ஏனைய பிள்ளைகளாலும் முடிந்திருக்க வேண்டும். முடியாமற் போனதற்கு அவர்களது முயற்சியின்மையே காரணம் என்பதே அவ்வாதம். பெருந்தோட்டப் பகுதிப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் நிகழ்வுகளிலும் நடத்தப்படும் ஊக்குவிப்புக் கருத்தரங்குகளில் இவ்வாதம் வெளிப்படையாகவே ஒலிக்கிறது. வெளியிலிருந்து வரும் வளவாளர் ஒலிவாங்கியைக் கையிற் பிடித்தபடி மேடையில் அங்குமிங்கும் நடந்து, நேர்மறைச் சிந்தனை, தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று மூன்று மணித்தியாலங்கள் பேசுவார். மாணவர்கள் கைதட்டுவார்கள். 'மனமுண்டானால் மார்க்கமுண்டு' என்ற பழமொழியுடன் கூட்டம் நிறைவுறும். மனம் உண்டான பின்னரும் மார்க்கம் இல்லாதவர்களைப் பற்றி அங்கு எவரும் பேசுவதில்லை.

இவ்விடயத்தை எழுதத் தூண்டியது எஹலியகொட பஸ் நிலையத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பாகும்.

இரத்தினபுரி மாவட்டத்தின் மேற்கு வாயிலாக அமைந்த எஹலியகொட, மாணிக்கக் கல்லுக்கும் இறப்பருக்கும் பெயர் பெற்ற ஊர். கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பு வரை செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூரின் நடுவே போகிறது. ஒரு காலத்தில் களனிவெளி ரயில் பாதையும் இவ்வழியாக இரத்தினபுரியைக் கடந்து ஓப்பநாயக்க வரை சென்றது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பாதை 1970களில் கைவிடப்பட்டது. இங்குள்ள தோட்டங்கள் நுவரெலியாவின் தேயிலை மலைகளைப் போன்றவையல்ல. பரந்த பசுமையும் குளிரும் சுற்றுலாப் பயணிகளும் இங்கில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலையுமே உள்ளன. ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய இடங்களும் உண்டு. மலையக அரசியல் பேசுவோர் ஹற்றனையும் தலவாக்கலையையும் கண்டபின் இப்பக்கம் திரும்பிப் பார்ப்பது தேர்தல் காலத்தில் மட்டுமே. அதுவும் எல்லாத் தேர்தல்களிலும் அல்ல.

நாம் சந்தித்த இளைஞர் இப்பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறார். அவரது ஊரும் அவரது பல்கலைக்கழகமும் ஒரே நெடுஞ்சாலையில், எண்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில் அமைந்திருக்கின்றன. விடுமுறை முடிந்து திரும்பிச் செல்வதற்காகப் பையுடன் நின்றிருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டதற்கு, பால் வெட்டுகிறார் என்றார். பின்னர் தாமாகவே சொன்னார்: "இங்க மழை பேஞ்சா அப்பாவுக்குப் பேர் இல்ல சேர். அதனால அங்க நான் போன்ல காலநிலையத்தான் மொதல்ல பாப்பேன்."

தோட்டப் பேச்சில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலிப் பதிவையும் குறிக்கும் சொல் என்பதை அறியாத வாசகருக்குச் சொல்லிவைக்க வேண்டும். இறப்பர் மரத்தில் அதிகாலையிலேயே பால் வெட்டப்படும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே சிரட்டைக்கு இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகிவிடும். மழைக்காப்பு பொருத்தப்படாத மரங்களில் மழை நாளில் வேலையில்லை. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசத்தில் இதன் பொருள் என்னவென்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்த வேதனம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 ரூபா என்ற தொகை முன்வைக்கப்பட்டது. இத்தொகைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்கள் யாவும் நாட்கூலியைப் பற்றியவை. மாதத்தில் எத்தனை நாட்கள் என்பதை எஹலியகொடவில் மழையே தீர்மானிக்கிறது.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவரின் மனம் எண்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வானத்தைக் கவனித்துக்கொண்டிருப்பதை உளவியல் எவ்வாறு விளக்குகிறது? இதற்கு மிகப் பொருத்தமான ஆய்வொன்று தமிழ்நாட்டிலேயே நடத்தப்பட்டிருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் மேற்கொள்ளப்பட்ட அவ்வாய்வு, 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியாயிற்று. கரும்பு விவசாயிக்கு அறுவடையின் பின்னரே பணம் கைக்கு வரும்; அதற்கு முந்திய மாதங்கள் கடனும் அடகுமாகக் கழியும். ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவாற்றல் சோதனைகளுக்கு உட்படுத்தியபோது, பணமற்ற காலத்தில் அவரது பெறுபேறு குறைந்தும் பணமுள்ள காலத்தில் உயர்ந்தும் காணப்பட்டது. மனிதர் மாறவில்லை, அவரது மூளையும் மாறவில்லை. பற்றாக்குறை பற்றிய ஓயாத கணக்கு அவரது சிந்தனையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அறுவடைக்கு முந்திய விவசாயியின் நிலையிலேயே ஆண்டு முழுவதும் இருந்துகொண்டு பரீட்சை எழுதும் மாணவரைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் சித்தியடைகிறார் என்றால், அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் கூடுதலான சுமையுடன் ஓடியே சித்தியடைகிறார்.

மனிதரின் குறைபாடுகளை மட்டுமே ஆராய்ந்து வந்த உளவியல், அவர்களது பலங்களையும் ஆராய வேண்டும் என்ற கருத்து 1998இல் மார்ட்டின் செலிக்மன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது வலுப்பெற்றது. அவரும் கிறிஸ்தோபர் பீற்றர்சனும் 2004இல் வெளியிட்ட பெருநூல், மனிதப் பண்புப் பலங்களை 24ஆக வகுத்தது. விடாமுயற்சி அவற்றுள் துணிவு என்ற தலைப்பின் கீழ் இடம்பெறுகிறது. பிரெட் லூதன்ஸ் என்ற மற்றோர் அறிஞர் நம்பிக்கை, தன்னாற்றல் பற்றிய உறுதி, மீண்டெழும் தன்மை, நன்மையை எதிர்பார்க்கும் மனப்பாங்கு ஆகிய நான்கையும் சேர்த்து 'உளவியல் மூலதனம்' என்றார். பணமும் நிலமும் போலவே இதுவும் ஒரு முதல் என்பது அவரது கருத்து. பல நாடுகளிற் பல்கலைக்கழக மாணவர்களிடையே இக்கருத்துகள் சோதிக்கப்பட்டு வருகின்றன. இத்துறையை முற்றாகப் புறந்தள்ளுவது அறிவுடைமையாகாது. நம்பிக்கையும் விடாமுயற்சியும் உள்ள மாணவர் அவை இல்லாதவரைவிட நன்றாகப் படிக்கிறார் என்பதை ஆசிரியர் எவரும் மறுக்கப்போவதில்லை.

பிரச்சினை, இக்கருத்துகள் மேடைக்கு வரும்போது எதை இழந்து வருகின்றன என்பதிலேயே உள்ளது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஸ்னைடர் 1990களில் நம்பிக்கை பற்றி முன்வைத்த கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். நம்பிக்கைக்கு இரு பாதிகள் உண்டு என்றார் அவர். இலக்கை அடைந்தே தீருவேன் என்ற மனவுறுதி ஒரு பாதி. அந்த இலக்குக்குச் செல்லும் வழிகளைக் காணவும், ஒரு வழி அடைபட்டால் மறுவழியைத் தேடவும் இயலுமென்ற தெளிவு மறுபாதி. இரண்டும் சேர்ந்தாலன்றி அது நம்பிக்கையாகாது. வெறும் ஆசையாகவே எஞ்சும். நமது பழமொழியின் இரு சொற்களும் இங்கே அப்படியே இருப்பதைக் காணலாம். ஆனால் பழமொழி மனத்திலிருந்து மார்க்கம் தானாகப் பிறக்கும் என்கிறது. ஸ்னைடரோ இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்கச் சொன்னார். எஹலியகொட இளைஞரிடம் முதற்பாதிக்குக் குறைவில்லை. இரண்டாம் பாதியை அவருக்கு எவர் கொடுத்தார்?

செலிக்மனின் சொந்த ஆய்வு வரலாறும் இதே இடத்துக்கே நம்மைக் கொண்டுவருகிறது. 1960களின் பிற்பகுதியில் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் பிரசித்தமானவை. எவ்வகையிலும் தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பின்னர் தப்பும் வழி திறந்திருந்தும் அசையாமற் படுத்துக் கிடந்தன. கையறுநிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது முடிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2016இல், மூளை பற்றிய புதிய அறிவின் வெளிச்சத்தில் அவ்விருவருமே அம்முடிவைத் தலைகீழாக்கினர். நீண்ட துன்பத்தின் முன் அசையாமற் கிடப்பது உயிரினங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட வேண்டியதில்லை. அது இயல்பாகவே வருவது. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரான ஒன்று. எனது செயலால் எனது நிலை மாறும் என்பதை மூளை அனுபவத்தினூடாகவே கற்கிறது. இது சிறிய திருத்தமல்ல. முயன்றேன், கிடைத்தது என்ற அனுபவம் ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவை வாய்க்கிறதோ அத்தனை தூரமே விடாமுயற்சி வளரும் என்பதே இதன் உட்பொருள். மூன்று மணிநேரப் பேச்சு அந்த அனுபவத்துக்கு ஈடாகாது.

விடாப்பிடி என்று பொருள்படும் 'கிரிட்' என்ற சொல் 2007 முதல், சிறப்பாக அஞ்செலா டக்வேர்த் 2016இல் வெளியிட்ட நூலின் பின்னர், உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே வெளியான தொகுப்பாய்வொன்று, உளவியலாளர் நெடுங்காலமாக அறிந்திருந்த கடமையுணர்வு என்ற பண்பிலிருந்து அது பெரிதும் வேறுபட்டதல்ல எனக் காட்டியது. அவ்விவாதத்தை நிபுணர்களிடம் விட்டுவிடலாம். நமது கவலை தமிழில் அச்சொற்களுக்கு நேர்ந்த கதியைப் பற்றியது. 'ரெசிலியன்ஸ்' என்பதை நம்மவர் சிலர் மீண்டெழும் ஆற்றல் என்றும் வேறு சிலர் தாங்குதிறன் என்றும் எழுதுகின்றனர். தோட்ட மக்களைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டாவது சொல்லே அதிகம் காணப்படுகிறது. இருநூறு ஆண்டுகளாகத் தாங்கியவர்களை மேலும் தாங்குமாறு பாராட்டுவது விசித்திரமானதொரு பாராட்டாகும்.

சப்பிரகமுவத் தோட்ட மக்கள் எவற்றையெல்லாம் தாங்கினர் என்பதை மிகச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளுக்குப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஏனைய மலையகப் பகுதிகளுடன் பொதுவான இவற்றுக்கு மேலாக, சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட இத்தோட்டங்கள் 1977 ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் வன்செயல்களை நேரடியாகச் சந்தித்தன. பலர் வவுனியாவுக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் கற்றவர்களும் ஊர்த் தலைமைக்குரியவர்களும் இருந்தனர். எஞ்சியவர்கள் குரலைத் தாழ்த்தி வாழப் பழகினர். ஒரு சமூகம் தனது பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் உளவியற் பாடம் 'சத்தம் போடாதே' என்பதாக இருந்தால், பல்கலைக்கழகத்தில் அப்பிள்ளை விரிவுரையாளரிடம் கேள்வி கேட்கத் தயங்குவதை ஆளுமைக் குறைபாடு என்று சொல்லிவிட முடியுமா?

கல்வியிலும் தாமதமே நேர்ந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அவை அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டது 1970களின் பிற்பகுதியிலேயே. முப்பதாண்டு கால இடைவெளியை, தலைமுறைக் கணக்கில் ஒரு முழுத் தலைமுறை என்று கொள்ளலாம். இப்பகுதியில் அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்புகளோ விஞ்ஞானப் பிரிவோ இல்லாத நிலையிற் பெற்றோர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எனினும் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பறையில் இன்னொரு மொழியுமாக வளரும் பிள்ளைக்குப் பெற்றோர் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு முதல் நாளிலேயே அற்றுப்போகிறது.

பல்கலைக்கழக அனுமதி முறையிலுள்ள ஒரு முரண்பாட்டையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியாது. பல துறைகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் தகைமை வரிசையிலும், 55 வீதமானோர் மாவட்டச் சனத்தொகை விகிதத்திலும், 5 வீதமானோர் கல்வியிற் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கான சிறப்பு ஒதுக்கீட்டிலும் தெரிவாகின்றனர். இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று. கேகாலை அல்ல. எஹலியகொடவின் எல்லையைத் தாண்டியதும் தெஹியோவிற்றப் பக்கத்தில் கேகாலை மாவட்டத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அதே இறப்பர், அதே மழை, அதே லயன்கள். இப்பக்கத்துப் பிள்ளைக்கு உள்ள சலுகை அப்பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை. இரத்தினபுரிக்குள்ளேயோ, நகரப் பெரிய பாடசாலைகளின் மாணவரும் தோட்டத்து மாணவரும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகின்றனர். பின்தங்கிய நிலையை மாவட்டத்தால் மட்டும் அளக்கும் முறை, மாவட்டத்துக்குள் பின்தங்கியோரைக் காண்பதில்லை. தகுதி பெறுவோரில் நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடமுள்ள நாட்டில் இது புறக்கணிக்கத்தக்க விடயமல்ல.

உள்ளே நுழைந்த பின்னர் ஆரம்பமாவது வேறொரு பரீட்சை. சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் 1995இல் நிறுவப்பட்டு, சமனலவெவ நீர்மின் திட்டப் பணியாளருக்கென அமைக்கப்பட்ட கட்டடங்களிற் செயற்படத் தொடங்கியது. மலைகள் சூழ்ந்த எழில்மிகு வளாகம். அங்கே பெரும்பாலான பட்டப்படிப்புகள் ஆங்கில மொழியில் நடைபெறுகின்றன. விடுதியின் மொழி சிங்களம். தமிழில் உயர்தரம் எழுதிய மாணவர் முதலாண்டில் விரிவுரையைப் புரிந்துகொள்வதற்கு இரண்டு மொழிகளை ஒரே வேளையிற் கற்க வேண்டியவராகிறார். நமது இளைஞர் தமது முதல் அரையாண்டைப் பற்றிப் பேசும்போது சிரித்தார். விரிவுரைக் குறிப்பின் ஒரு பக்கத்தை விளங்கிக்கொள்ள ஓர் இரவு தேவைப்பட்டதாம். அகராதியில் தேடிய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வந்தாராம். அக்கொப்பி முடிந்தபோது இரண்டாவது கொப்பி தேவைப்படவில்லையாம். முயன்றேன், கிடைத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

பகிடிவதையும் இவ்விடத்திற் கவனத்திற் கொள்ளப்பட வேண்டியதே. அதனைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே நிறைவேற்றப்பட்டுவிட்டது. ஆயினும் 2025 ஏப்ரல் இறுதியில் இதே பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், பகிடிவதையே காரணமென எழுந்த குற்றச்சாட்டும், அதையொட்டிய விசாரணைகளும் நாட்டை உலுக்கின. அப்போதும் மாணவர்களுக்கு மனவுறுதி வேண்டும் என்று அறிவுரை கூறியவர்கள் இருந்தனர். அடிப்பவனை விட்டுவிட்டு அடிபடுபவனுக்கு உடற்பயிற்சி கற்பிப்பது போன்றது அது.

பணத்தைப் பொறுத்தவரை, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதாந்தம் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க உயர்வு. ஆனால் தோட்டத்து மாணவருக்குத் தொகையைவிடத் திகதியே முக்கியம். கொடுப்பனவு பிந்தும் மாதத்தில் ஏனையோர் வீட்டிலிருந்து பணம் பெறுகின்றனர். இவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதையே தவிர்க்கிறார். எடுத்தால் தாய் எவரிடமாவது கடன் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இடையீடுகள் இந்தத் தலைமுறைக்குப் புதியனவல்ல. 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியில் அலைவரிசை தேடி மேட்டில் ஏறி அமர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியை உயர்தர வகுப்பிற் சந்தித்தனர். இவர்களுக்குப் பின்வந்தோருக்கு 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி உயர்தரப் பரீட்சையை இடைநடுவில் நிறுத்தியது. எஞ்சிய வினாத்தாள்கள் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போயின. இக்கட்டுரையாளரின் தலைமுறையும் காத்திருந்ததுண்டு. 1980களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காரணத்தால், உயர்தரம் சித்தியெய்தி மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே கலைப்பீடத்தின் வாசலை மிதித்தோம். அக்காலத்தை நாம் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எங்களுடன் தகுதி பெற்று, காத்திருக்க வசதியில்லாமற் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போனவர்கள் அக்கதையைச் சொல்வதற்கு இங்கில்லை. பொறுமைக்கும் ஒரு விலையுண்டு. அதைச் செலுத்த முடிந்தவர்களே பொறுமைசாலிகள் என்று பெயர் பெறுகின்றனர்.

இப்பொருள் தொடர்பாக எக்காலத்திலும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ஹவாயின் கவாய் தீவில் எமி வேர்னர் நடத்தியது. 1955இல் அத்தீவிற் பிறந்த 698 பிள்ளைகளை அவரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை பின்தொடர்ந்தனர். கவாயும் ஒரு பெருந்தோட்டத் தீவு. கரும்புத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் கூலி வேலை செய்ய ஆசிய நாடுகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கு பெருமளவில் வாழ்ந்தனர். வறுமை, குடும்பக் குழப்பம் முதலான பல இடர்களுக்கு ஒருசேர உட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பகுதியினர் தன்னம்பிக்கையும் திறமையும் வாய்ந்தவர்களாக வளர்ந்தனர். ஊக்குவிப்புப் பேச்சாளர்கள் இம்மூன்றிலொரு பகுதியைத்தான் எடுத்துச் சொல்வர். அப்பிள்ளைகளிடம் பொதுவாகக் காணப்பட்டது என்ன என்பதையும் வேர்னர் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, அப்பிள்ளைமீது தளராத அக்கறை கொண்ட பெரியவர் ஒருவரேனும் இருந்தார். அண்டைவீட்டார், மதகுரு, பல இடங்களில் ஓர் ஆசிரியர். எஞ்சிய மூன்றில் இரு பகுதியினர் வளரும் பருவத்தில் கடுமையான சிக்கல்களுக்கு உள்ளாயினர் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

எஹலியகொட இளைஞருக்கும் அத்தகைய ஒருவர் இருந்தார். முதலாண்டின் நடுப்பகுதியில், கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்வதென முடிவு செய்து விடுதியிலிருந்து பெட்டியுடன் வந்துவிட்டாராம். அவருக்கு ஒருகாலத்திற் கற்பித்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லயத்துக்கே வந்து தந்தையுடன் பேசிவிட்டு, மறுநாட் காலையில் அவரைத் தம்முடன் பஸ்ஸில் ஏற்றிப் பெலிஹுல்ஓயா வரை கொண்டுசென்று விட்டுவந்தார். அறிவுரை ஏதும் சொல்லவில்லையா என்று கேட்டோம். இரத்தினபுரியில் இறங்கித் தேநீர் வாங்கித் தந்தார், வேறொன்றும் பேசவில்லை என்றார்.

ஓர் ஆசிரியரின் நல்லுள்ளத்தில் தங்கியிருப்பதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் நோக்குடன் ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் அமைக்கப்பட்ட ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற முயற்சிகள் பயன் தந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 1940கள் தொட்டு உதவி வரும் இந்திய உயர்ஸ்தானிகரகத்தின் கல்வி நிதியமும் அவ்வாறே. இவற்றுக்கு அப்பால், அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடைப்பட்ட பகுதியில் தமிழ்மொழிமூல விஞ்ஞான, கணித உயர்தர வகுப்புகளும் மாணவியர் விடுதியும் கொண்ட ஒரு பாடசாலையேனும் முழுமையாக வளர்க்கப்பட வேண்டும். அனுமதி கிடைத்த பின்னர் வீணே கழியும் மாதங்களில் ஆங்கிலப் பயிற்சி அவிசாவளையிலோ எஹலியகொடவிலோ நடத்தப்படலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தமிழிற் பேசக்கூடிய உளவளத்துணையாளர் ஒருவர் முழுநேரமாக இருத்தல் அவசியம். மன வருத்தத்தை மூன்றாவது மொழியிற் சொல்லும்படி எவரையும் கேட்கக் கூடாது. இவை எவையும் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் திட்டங்களல்ல.

ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்ற நான்கு அதிகாரங்களையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். விடாமுயற்சி பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இவற்றிலிருந்து ஒரு குறளாவது ஒலிக்கும். இந்நான்கும் திருக்குறளில் எங்கே இருக்கின்றன என்பதைப் பேச்சாளர்கள் கவனிப்பதில்லை. அவை அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசியல் என்ற இயலின் இறுதியில், இறைமாட்சியுடன் தொடங்கும் அதிகார வரிசையில் உள்ளன. உரையாசிரியர்கள் அவற்றை ஆள்பவனுக்குரிய குணங்களாகக் கொண்டே பொருள் உரைத்தனர். ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புவதற்குப் பத்தாண்டுகள் சளைக்காமல் முயலும் அதிகாரியை நாம் என்றாவது கருத்தரங்குக்கு அழைத்து, விடாமுயற்சி பற்றிப் பேசச் சொன்னதுண்டா?

அந்த இளைஞர் சிறப்புப் பட்டப்படிப்புக்குத் தெரிவாகும் அளவுக்குப் புள்ளிகள் பெற்றிருக்கிறார். அது நான்கு ஆண்டுகள். பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகள். அவரது தங்கை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறார். உயிரியல் படிக்க விரும்புகிறார். அவரது பாடசாலையில் அப்பிரிவு இல்லை. வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டும். ஓராண்டு முன்னதாக வேலைக்குப் போனால் தங்கைக்கு அனுப்பலாம் என்பது அண்ணனின் கணக்கு. அண்ணன் சிறப்புப் பட்டத்தை விடுவதானால் தான் கலைப்பிரிவிலேயே படித்துக்கொள்வதாகத் தங்கை சொல்லியிருக்கிறாராம். இருவரில் எவரிடம் மனவுறுதி குறைவு என்று சொல்வது?

எந்தப் பட்டம் என்று தெரிவிக்க வேண்டிய படிவம் பையில் இருப்பதாகவும், இன்னும் நிரப்பவில்லை என்றும் சொன்னார். இரத்தினபுரி பஸ் வந்தது. ஏறும் முன்னர் ஒரு தடவை தோட்டத்துப் பக்கமாக வானத்தைப் பார்த்தார். மழை விட்டிருக்கவில்லை.